‘ட்ரிப்’ என்றால் பயணமா, தடுக்கி விழுவதா? ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ‘ட்ரிப்’ என்ற சொல் பாடத்தில் வரும் நாளில் ஒரு மணி நேர வகுப்பு இரண்டு மணி நேரம் ஓடிவிடும். சுற்றுலாவுக்கும் அதுதான், கல் தடுக்கி விழுவதற்கும் அதுதான் என்றதும் கேள்விகள் வரத் தொடங்கும். வருடா வருடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

ட்ரிப் என்பதன் சரியான பொருள் எது?

இரண்டும் சரி. பெயர்ச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் போய்வரும் பயணம்: ‘எ ட்ரிப் டு ஊட்டி’. வினைச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் கால் தடுக்குவது: ‘ஐ ட்ரிப்ட் ஓவர் எ ஸ்டோன்’. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஊருக்குப் போனேன் என்ற பொருளில் ‘ஐ ட்ரிப்ட் டு ஊட்டி’ என்று எழுதக் கூடாது. ‘ஐ வென்ட் ஆன் எ ட்ரிப்’ அல்லது ‘ஐ டுக் எ ட்ரிப்’ என்று எழுதுங்கள்.

சம்பந்தமே இல்லாத இரண்டு பொருள் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தது?

சம்பந்தம் இருக்கிறது. இரண்டும் காலிலிருந்து வந்தவை. இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதற்குத் துள்ளி அடியெடுத்து வைப்பது, குதித்து ஆடுவது என்று பொருள். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ட்ரிப் என்றால் லேசான கால்களோடு துள்ளி நடப்பது. அப்படி நடக்கும்போது கால் எதிலாவது பட்டால் என்ன ஆகும்? தடுக்கும். அந்தப் பொருளும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது.

பயணம் என்ற பொருள் வெகுநாள் கழித்து, பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகிறது. முதலில் கப்பல்காரர்கள் வாயில் புழங்கியது அது. பெரிய கடற்பயணம் அல்லாமல், சும்மா ஒரு எட்டு போய்விட்டு வரும் சின்ன ஓட்டத்துக்கு அவர்கள் ட்ரிப் என்றார்கள். ‘ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வா’ என்று நாம் சொல்வதிலும் எட்டி வைக்கும் கால்தானே இருக்கிறது! அப்படித்தான் அதுவும்.

தமிழில் ‘திரி’, ‘திரிதல்’ என்று இருப்பதால் அதிலிருந்து வந்ததோ என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார்கள். ஓசை ஒத்துப்போவதைத் தவிர உறவு எதுவும் இல்லை.

ட்ரிப், ஜர்னி, ட்ராவல் மூன்றும் ஒன்றுதானே? தமிழில் எல்லாமே பயணம்தானே?

இங்கேதான் நிறையப் பேர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். மதிப்பெண்ணைவிட, மனசில் இருப்பதைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பையும் இழக்கிறார்கள். அது எனக்கு இன்னும் வருத்தம்.

சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். ராத்திரி பஸ். விடியும்போது மலைப்பாதை வளைவுகள், ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைக்கு வாந்தி, கையில் எலுமிச்சம்பழம். பஸ் ஏறியதிலிருந்து இறங்கியது வரை உள்ள அந்தப் பகுதிதான் ஜர்னி. பிறகு இரண்டு நாள் ஏரி, படகு, குளிர், அறையில் சீட்டாட்டம். மூன்றாம் நாள் வீடு. போனது, தங்கியது, திரும்பியது எல்லாம் சேர்ந்தால் ட்ரிப். அதனால் ஆங்கிலத்தில் ‘த ஜர்னி வாஸ் டெரிபிள், பட் த ட்ரிப் வாஸ் வொண்டர்ஃபுல்’ என்று ஒரே மூச்சில் சொல்லலாம். தமிழில் இரண்டுக்கும் ‘பயணம்’ என்றே போட்டால் வாக்கியம் முரண்படும்.

ட்ராவல் என்பது பயணம் செய்தல் என்ற செயல். ஒரு குறிப்பிட்ட பயணத்தை அது குறிக்காது. ‘ஐ லைக் ட்ராவல்’ சரி. ‘ஐ வென்ட் ஃபார் எ ட்ராவல்’ தவறு. ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாத பெயர்ச்சொல் அது, தண்ணீர் மாதிரி. எண்ண வேண்டும் என்றால் ட்ரிப் அல்லது ஜர்னி போடுங்கள். ‘ட்ராவல்ஸ்’ என்று பன்மையில் வருவது ஒருவர் நெடுங்காலம் பல ஊர் சுற்றியதைக் குறிக்க மட்டும். நம் ஊர்ப் பலகைகளில் காணும் ‘ட்ராவல்ஸ்’ வண்டி வாடகைக்கு விடும் கடை. அது நம் இந்தியப் பயன்பாடு.

வேரையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறக்க மாட்டீர்கள். ஜர்னி என்பது ஒரு நாள் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம், ஒரு நாள் வேலை. தினசரிக் குறிப்பு எழுதும் ‘ஜர்னல்’ அதற்கு உடன்பிறப்பு. ட்ராவல் வந்த வழி வலி நிறைந்தது. பாடுபடுதல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல் அது. அதற்கும் முன்னால் லத்தீனில், மூன்று கழிகளை நட்டு ஆளைக் கட்டிவைத்து வதைக்கும் கருவியின் பெயர். அந்தக் காலத்துப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். பயணம் என்றாலே பாடுதான்.

‘லைஃப் இஸ் எ ஜர்னி’ என்கிறார்கள். ட்ரிப் என்று போடலாமா?

வேண்டாம். நீளமும் கனமும் உள்ள எதற்கும் ஜர்னிதான் பொருந்தும். ட்ரிப் குறுகியது, லேசானது. போதாக்குறைக்கு, பேச்சு வழக்கில் போதைப்பொருள் தரும் மயக்க அனுபவத்துக்கும் ட்ரிப் என்றே பெயர்.

டூர், எக்ஸ்கர்ஷன், அவுட்டிங்: பள்ளியில் அழைத்துப்போனதற்கு எதைப் போடுவது?

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினால் எக்ஸ்கர்ஷன், அல்லது பாடத்தோடு தொடர்பு இருந்தால் ‘ஃபீல்டு ட்ரிப்’. இந்த எக்ஸ்கர்ஷனுக்கு வேர்ப்பொருள் ‘வெளியே ஓடுதல்’. வகுப்பிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

டூர் என்றால் பல இடங்களைச் சுற்றி வருவது. மகாபலிபுரம், காஞ்சிபுரம், வேடந்தாங்கல் என்று வரிசையாகப் பார்த்து வந்தால் டூர். அதன் வேரில் இருப்பது கடைசல் இயந்திரம்: சுழல்வது, வட்டம் போடுவது. நம் ‘சுற்றுலா’வில் உள்ள சுற்று அப்படியே அங்கே இருக்கிறது. ஒரே ஊருக்குப் போய் ஒரே வீட்டில் தங்கித் திரும்பினால் அது டூர் ஆகாது.

கூட்டமாகக் கட்டணம் கட்டிப் போகும் ஏற்பாட்டுக்கு ஒரு முக்கியமான நாள் உண்டு. 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ஏறக்குறைய 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். போக வர ஒரு ஷில்லிங். போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு. சுற்றுலாத் தொழிலின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த எக்ஸ்கர்ஷனிலிருந்துதான் தொடங்குவார்கள்.

அவுட்டிங் என்றால் சும்மா வெளியே போய்வருவது. கடற்கரை, பூங்கா, அவ்வளவுதான். ஜாண்ட் என்றால் அதையே இன்னும் உல்லாசமாகச் சொல்வது.

வாயேஜ் கப்பலுக்கு மட்டும்தானா?

இன்று கடல், விண்வெளி இரண்டுக்கும். பஸ்ஸில் மதுரைக்குப் போவதற்கு வாயேஜ் போடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேர் இதுதான். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு வழிக்கு வேண்டிய உணவும் பணமும் என்று பொருள். கட்டுச்சோறு! புளியோதரையை வாழையிலையில் மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றி, சணலால் கட்டி எடுத்துப் போன ரயில் பயணம் நினைவிருக்கிறதா? பொட்டலத்தைப் பிரித்ததும் வாடிய இலை வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் கலந்து பெட்டி முழுக்கப் பரவும். அந்தப் பொட்டலத்தின் பெயர்தான் கடல் கடக்கும் பெரும்பயணத்துக்குப் பெயராகிவிட்டது.

எக்ஸ்பெடிஷன், ட்ரெக், சஃபாரி, பில்கிரிமேஜ்?

எக்ஸ்பெடிஷன் என்றால் ஒரு நோக்கத்தோடு, ஆட்களும் கருவிகளும் சேர்த்துக்கொண்டு போவது. எவரெஸ்ட், அண்டார்டிகா என்று. இதன் வேரைப் பிரித்தால் ‘காலை விடுவித்தல்’ என்று வரும். இதற்கு நேர் எதிராக ‘இம்பீட்’ என்று ஒரு சொல் உண்டு, தடை செய்தல் என்று பொருள். அதன் வேர் காலில் தளை போடுவது. பயணமும் தடுக்கலும் ஒரே காலைச் சுற்றித்தான் வருகின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி இல்லை.

ட்ரெக் தென்னாப்பிரிக்காவின் டச்சு வழி மொழியிலிருந்து வந்தது. இழுத்தல் என்று பொருள், அதாவது மாடு வண்டியை இழுப்பது. இன்று மலையேறும் நீண்ட நடைக்குச் சொல்கிறோம். சஃபாரி சுவாஹிலி மொழியில் வெறும் பயணம்தான். விலங்கு பார்க்கப் போவது என்பது ஆங்கிலம் கொடுத்த பொருள். பில்கிரிமேஜ் நம் யாத்திரை. பழனி பாதயாத்திரைக்கும் வேளாங்கண்ணி நடைப்பயணத்துக்கும் தாராளமாகப் போடலாம்.

தினமும் வேலைக்குப் போய்வருவது?

கம்யூட். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை தினமும் மின்சார ரயிலில் போகிறவர் கம்யூட்டர். கணினியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தச் சொல்லுக்கு மாற்றுதல், குறைத்தல் என்று பொருள். தண்டனையைக் குறைப்பதற்கும் இதே சொல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில்களில் தினசரிக் கட்டணத்தைக் குறைத்து மொத்தமாக விற்ற சீட்டுக்கு இந்தப் பெயர் இருந்தது. நம் சீசன் டிக்கெட். சீட்டின் பெயர் அதில் போகிறவருக்கும் ஆகிவிட்டது.

‘ஹாப்பி ஜர்னி’ என்று சொல்வது தவறா?

இல்லை. இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், அன்போடு சொல்லப்படுவது. வெளிநாட்டில் ‘சேஃப் ஜர்னி’, ‘ஹேவ் எ குட் ட்ரிப்’ என்பார்கள். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ மட்டும் கவனம். ஊரில் இல்லை என்று நாம் சொல்வது அங்கே ரயில் நிலையத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ‘அவுட் ஆஃப் டவுன்’ என்று சொல்லுங்கள்.

சரி, விழுவதற்கு வருவோம். ட்ரிப், ஸ்லிப் இரண்டும் ஒன்றா?

இல்லை. இதில் தமிழ் ஆங்கிலத்துக்குச் சமமாகத் துல்லியமானது. தமிழில் யோசித்தாலே சரியான ஆங்கிலச் சொல் கிடைத்துவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு மாணவி கையில் கட்டோடு வகுப்புக்கு வந்தாள். என்னம்மா ஆச்சு என்றேன். ‘ஐ ஸ்லிப்ட், சார்’ என்றாள். எங்கே என்று கேட்டேன். மாடிப்படியில். தண்ணீர் இருந்ததா? இல்லை. செருப்பு வார் அறுந்து, அதன் முனை படியின் விளிம்பில் மாட்டியிருக்கிறது. கால் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் முன்னால் போய்விட்டது. இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி விழுந்திருக்கிறாள். உள்ளங்கையின் அடிப்பக்கம் தோல் வழண்டு, மணல் ஒட்டி, ஓரத்தில் ரத்தம் உறைந்திருந்தது. முழங்காலிலும் சிராய்ப்பு.

‘இது தமிழில் என்ன? வழுக்கினாயா, தடுக்கினாயா?’ என்றேன். ‘தடுக்கிடுச்சு சார்’ என்றாள். அப்படியென்றால் ‘ஐ ட்ரிப்ட்’.

வழுக்கினால் கால் முன்னால் ஓடிவிடும், உடம்பு பின்னால் சாயும், மல்லாக்க விழுவோம். அடிபடுவது இடுப்பு, முழங்கை, பின்மண்டை. தடுக்கினால் கால் நின்றுவிடும், உடம்பு முன்னால் போகும், குப்புற விழுவோம். அடிபடுவது உள்ளங்கை, முழங்கால், மூக்கு. குளியலறையில் சோப்புத் தண்ணீர், வாசல் தெளித்த ஈரம், பாசி பிடித்த குளத்துப்படி என்றால் ஸ்லிப். தூக்கிக்கொண்டு நிற்கும் நடைபாதைக் கல், சுருண்ட கால்மிதி, காலில் சிக்கிய புடவை ஓரம், ஒயர் என்றால் ட்ரிப். தொழிற்சாலைப் பாதுகாப்பு வகுப்பில் ‘ஸ்லிப்ஸ், ட்ரிப்ஸ் அண்ட் ஃபால்ஸ்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். முதல் இரண்டும் காரணம், மூன்றாவது விளைவு. தடுக்கியும் விழாமல் சமாளித்திருந்தால் ட்ரிப் மட்டும்தான்.

வழுக்கும் இடத்துக்கு ‘இழுக்கல்’ என்று ஒரு பழைய தமிழ்ச் சொல் இருக்கிறது. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என்கிறது குறள். அங்கே வழுக்குவதுதான் பேச்சு, தடுக்குவது அல்ல. இதை மொழிபெயர்க்கச் சொன்னால் தயங்காமல் ஸ்லிப்பரி என்று போடலாம்.

அப்போ ஸ்டம்பிள்?

ட்ரிப் ஒரு நொடி நடப்பது. ஸ்டம்பிள் என்பது அதற்கு அடுத்த இரண்டு மூன்று அடி: நிலை குலைந்து, தடுமாறி, விழாமல் பிடித்துக்கொள்ள முயல்வது. ‘ட்ரிப்ட் ஆன் த ரூட் அண்ட் ஸ்டம்பிள்ட் இன்டு த வால்’ என்றால் வேர் தடுக்கி, தடுமாறிப் போய்ச் சுவரில் மோதினார்.

ஸ்டம்பிளுக்குத் தமிழில் ‘இடறு’, ‘தடுமாறு’ இரண்டும் பொருந்தும். தமிழ் விவிலியத்தில் ‘இடறல்’ என்று வரும் இடங்களில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்தச் சொல்தான் இருக்கும். இடறவைக்கும் பொறி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ‘ஸ்கேண்டல்’ வந்தது. இன்னொன்று: திக்கிப் பேசுவதைக் குறிக்கும் ‘ஸ்டாமர்’ என்ற சொல்லும் ஸ்டம்பிளும் ஒரே குடும்பம். நமக்கும் காலும் தடுமாறும், நாக்கும் தடுமாறும். ‘ஸ்டம்பிள் அபான்’ என்றால் எதிர்பாராமல் ஒன்றைக் கண்டெடுப்பது. பழைய பெட்டியைக் கிளறும்போது அப்பாவின் கடிதம் கிடைத்தால் அதைச் சொல்லலாம்.

மற்ற விழும் சொற்கள்?

சுருக்கமாக. ஸ்டேகர்: அடிபட்டோ போதையிலோ தள்ளாடி நடப்பது. டாட்டர்: குழந்தையோ முதியவரோ ஆட்டம் கண்டு நடப்பது. லர்ச்: பஸ் திடீரென்று பிரேக் போடும்போது ஆள் ஒரு பக்கமாகச் சாய்வது. டம்பிள்: உருண்டு விழுவது. ஃபால்ட்டர்: தயங்குவது, நடையிலும் பேச்சிலும்.

‘ட்ரிப் அப்’ என்றால்?

கால் நீட்டித் தடுக்கிவிடுவது. அப்புறம், பேச்சில் மடக்குவது. நேர்காணலில் குறுக்குக் கேள்வி கேட்டுத் தப்பாகப் பேசவைத்தால் ‘ட்ரிப்ட் மீ அப்’. நம் ‘காலை வாரிவிடுதல்’ இதற்குப் பக்கத்தில் வந்தாலும் ஒன்றல்ல. காலை வாருவதில் நம்பிக்கைத் துரோகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லை. அதேபோல ‘தடுக்கி விழுந்தால் டீக்கடை’ என்பதை அப்படியே ட்ரிப் போட்டு மாற்றாதீர்கள். ‘எங்கு பார்த்தாலும் டீக்கடை’ என்று பொருளைச் சொல்லுங்கள்.

வீட்டு மின்பெட்டியில் உள்ள எம்சிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் ட்ரிப் ஆகிறது, ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள், தண்ணீர் லாரி இரண்டு ட்ரிப் அடிக்கிறது. எல்லாம் ஒரே சொல்லா?

லாரி அடிப்பது பயண ட்ரிப். கப்பல்காரர்கள் சொன்ன அதே போய்வரும் ஓட்டம், பொருள் மாறாமல் நம் லாரிக்காரர்களிடம் இருக்கிறது. எம்சிபியில் நடப்பது தடுக்கும் ட்ரிப்: உள்ளே ஒரு கொக்கியைத் தட்டிவிட்டதும் பிடி விலகிச் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றுவது வேறு சொல், சொட்டு என்று பொருள்படும் ‘ட்ரிப்’. ஆங்கிலத்தில் அது, தேநீரைக் குறிக்கும் ‘டீ’யின் முதல் எழுத்தில் அல்லாமல், கதவைக் குறிக்கும் ‘டோர்’, நாயைக் குறிக்கும் ‘டாக்’ சொற்களின் முதல் எழுத்தில் தொடங்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வரும் குழப்பம் இது. எழுதும்போது எச்சரிக்கை.

தமிழில் பயணத்துக்கு இத்தனை சொல் இல்லையே?

இருக்கிறது, பயன்படுத்துவதைக் குறைத்துவிட்டோம். பயணம், யாத்திரை இரண்டும் வடமொழி வழி வந்தவை. சங்க இலக்கியத்தில் பயணத்துக்குச் ‘செலவு’ என்று பெயர். செல் என்பதிலிருந்து வந்தது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துப் போகாமல் தயங்கி நிற்பதற்குச் ‘செலவழுங்கல்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. இன்று செலவு என்றால் கையிலிருந்து போகும் காசு. உலா, வலம், சவாரி, நடை, பெருநடை என்று இன்னும் எவ்வளவோ. மொழிபெயர்க்கும்போது எல்லாவற்றுக்கும் பயணம் என்றே போடாமல் இவற்றை எடுத்துப் பயன்படுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒரே பொருள் தரும் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யலாமா?

பட்டியல் தப்பில்லை. பிங்கலமும் சூடாமணியும் போன்ற நிகண்டுகளை நம் முன்னோர் செய்யுளாகவே மனப்பாடம் செய்தார்கள். ஆங்கிலத்தில் பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852இல் தன் சொற்களஞ்சியத்தை வெளியிட்டார். அவர் சொற்களை அகரவரிசையில் அல்ல, கருத்துவாரியாக அடுக்கினார். தேடுகிறவர் பக்கத்துப் பக்கத்துச் சொற்களை ஒப்பிட்டுத் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள அது வசதி. சமம் என்று நினைத்து எதையாவது எடுத்துப் போட்டால் மதுரைக்கு வாயேஜ் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காட்சியைச் சேர்த்துப் படியுங்கள். கட்டுச்சோறு என்றால் வாயேஜ், சீசன் டிக்கெட் என்றால் கம்யூட், சிராய்த்த உள்ளங்கை என்றால் ட்ரிப்.

எழுத்துப்பிழை எங்கே வரும்?

ட்ரிப்ட், ட்ரிப்பிங் இரண்டிலும் ‘பி’ இரட்டிக்கும். ட்ராவல்டு என்பதில் ‘எல்’ பிரிட்டனில் இரண்டு, அமெரிக்காவில் ஒன்று. ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது வாசற்படி தடுக்கினால், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று பாட்டி சொல்வார். இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையன் மறுநாள் வேலைக்காக முதல்முறை வெளியூர் போகவிருந்தான். வாசற்படி ‘த்ரெஷோல்ட்’. தடுக்குவது இங்கே ட்ரிப், ஸ்லிப் அல்ல. போகிற காரியம் ஜர்னி. திரும்பி வரும் நாள் தெரியாததால் ட்ரிப் வேண்டாம். கரும்பலகையில் இப்படி எழுதினோம்: ‘இஃப் யூ ட்ரிப் ஆன் த த்ரெஷோல்ட் பிஃபோர் எ ஜர்னி, மை கிராண்ட்மதர் சேஸ், சிட் டவுன், டிரிங்க் சம் வாட்டர், அண்ட் தென் கோ.’ பாட்டி சொல்வதில் ‘போ’ என்றா வரும், ‘போயிட்டு வா’ என்றல்லவா வரும் என்றான் அவன். கடைசிச் சொல்லை அழித்து ‘கோ அண்ட் கம் பேக்’ என்று மாற்றி எழுதினோம்.